பழைய மில்லிங் மெஷினுக்கு ஒரு ஸ்கேல் மாட்டினால் என்ன?

திருத்தணி, கே.ஜி.கண்டிகை பக்கம் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த பையன்கள் வேலை தேடி ரயில் ஏறினால் அவர்களில் பலர் இறங்கும் இடம் பட்டரவாக்கம், இல்லையென்றால் அம்பத்தூர். 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சின்னப் பட்டறைகளில் அவர்கள் கைக்கு வருவது பெரும்பாலும் சி.என்.சி. அல்ல, பழைய நீ-டைப் மில்லிங் மெஷின். ('நீ' என்றால் இங்கே முன்னிலை இல்லை நண்பர்களே, முழங்கால்! டேபிளைத் தாங்கி மேலும் கீழும் போகிற பாகம்.)

இந்த மெஷினில் அளவு என்பது கைப்பிடியைச் சுற்றி எண்ணுவதுதான். ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. என்றால், 87.35 மி.மீ. நகர்த்த 17 சுற்று, அப்புறம் டயலில் 2.35. நடுவில் யாராவது கூப்பிட்டு ஒரு சுற்று தவறினால் ஜாப் குப்பைக்குப் போகும். திட்டு பையனுக்கு விழும். ஸ்க்ரூ தேய்ந்திருந்தால் திசை மாற்றும்போது டேபிள் நகராமலே டயல் மட்டும் சுற்றும். அதுதான் பேக்லாஷ்.

லீனியர் ஸ்கேல் ஸ்க்ரூவைக் கண்டுகொள்வதே இல்லை. கண்ணாடிப் பட்டையில் 20 மைக்ரானுக்கு ஒன்றாகக் கோடுகள் இருக்கும். ரீடர் ஹெட் ஒளி மூலம் அவற்றை எண்ணும், டிஸ்ப்ளே 0.005 மி.மீ. வரை காட்டும். டேபிள் உண்மையில் எவ்வளவு நகர்ந்தது என்பதே கணக்கு. "இதெல்லாம் வந்தால் பையன் கை கெட்டுப்போகும்" என்று சில மூத்தவர்கள் சொல்வதுண்டு. சுற்று எண்ணுவது எப்போதிலிருந்து கைத்திறன் ஆனது? ஜாப்பைப் பிடிப்பதும், கட்டரின் சத்தம் கேட்டு ஃபீட் குறைப்பதும்தான் திறன். அதை எந்த டிஸ்ப்ளேயும் பிடுங்கிக்கொள்ளாது.

ஆனால் வாங்கி ஒட்டினால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களோடும் ஒத்துப்போக முடியாது. முதலில் கிப்பை இறுக்கிச் சரிசெய்ய வேண்டும். ஸ்கேல் இருப்பது டேபிளின் பின்புறம், கட்டர் வெட்டுவதோ 200 மி.மீ. தள்ளி. தேய்ந்த வழியில் டேபிள் மீட்டருக்கு 0.1 மி.மீ. திரும்பினாலே வெட்டும் இடத்தில் 0.02 தப்பாகும். டிஸ்ப்ளே அப்போதும் அழகாகப் பொய் சொல்லும்.

அடுத்தது நேர் பார்ப்பது. பெயின்ட் அடித்த வார்ப்புப் பரப்பை நம்பவே கூடாது. டயல் கேஜை சேடிலில் நிறுத்தி, முள்ளை ஸ்கேல் மேல் வைத்து, டேபிளை முழு நீளமும் ஓட்ட வேண்டும். மேல்பக்கம், முகப்பு இரண்டிலும் 0.1 மி.மீ.க்குள் வரும்வரை தகடு கொடுக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை: 500 மி.மீ.க்கு அரை மி.மீ. கோணல் இருந்தாலும் அளவுப் பிழை கால் மைக்ரான்தான்! அப்புறம் ஏன் இவ்வளவு பாடு? கோணலாக மாட்டினால் ரீடர் ஹெட் இழுபட்டுத் தேயும், அதற்காகத்தான்.

நிஜமான வில்லன் மெல்லிய பிராக்கெட். அது வளைந்தால், பேக்லாஷ் வேறு வேஷத்தில் திரும்பி வந்துவிடும். டேபிளை முன்னும் பின்னும் நகர்த்தி டயல் கேஜும் டிஸ்ப்ளேயும் ஒன்றே சொல்கின்றனவா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

காசு குறைவென்றால் எக்ஸ், ஒய் இரண்டு அச்சு போதும். நீயின் கனமே அதன் ஸ்க்ரூவை ஒரு பக்கமாக அழுத்தி வைத்திருப்பதால் அங்கே டயலே ஓரளவு ஒழுங்காக இருக்கும்.

இது ஒரு பாலிடெக்னிக் மாணவர் குழு சில நாட்களில் செய்து முடிக்கக்கூடிய வேலை. கடைசி வருட ப்ராஜெக்டை ரெடிமேடாக விலைக்கு வாங்கி ஒப்படைப்பதை விட, காலேஜ் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் மெஷினுக்கு இதை மாட்டினால் என்ன? அடுத்த பேட்ச் பையன்களாவது அதில் பழகுவார்கள். மாட்டுபவர்கள் இரண்டு விஷயம் மட்டும் மறக்க வேண்டாம். ஸ்கேலின் ரப்பர் உதடு கீழ்நோக்கி இருக்கட்டும், சிப்ஸும் கூலன்டும் உள்ளே போகாது. ஸ்கேலின் அளவு டேபிள் ஓடும் தூரத்தை விடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். இல்லாவிட்டால் யாராவது வேகமாகச் சுற்றும் முதல் நாளே ரீடர் ஹெட் ஓரத்தில் போய் இடிக்கும்.