வாடையும் முற்றமும்

இராயபுரத்துப் பழைய வீடுகள் வெயிலை எண்ணிக் கட்டப்பட்டவை: தடித்த சுண்ணாம்புச் சுவர், மெட்ராஸ் டெரஸ் கூரை, நடுவே முற்றம். சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான் (1895, 1905). ஆயினும் மார்கழி விடியலில் முற்றத்தில் இறங்கும் வாடை முதியவர்களை நடுக்கிவிடும்.

நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் குளிர்கால வீட்டில் மூடிய விசிறியில் சிலந்தி நூல் கட்டியிருக்கிறது, சாளரங்கள் தாழிடப்பட்டிருக்கின்றன, அகன்ற வாய்த் தடவில் நெருப்பு கனல்கிறது. படிக்க அழகுதான். இன்று அதைப் பின்பற்றுவது பேராபத்து. வாடையை உள்ளே விட்ட முற்றமே புகையை வெளியேயும் விட்டது. நாமோ முற்றத்தை மூடி, வீட்டைக் காற்றுப் புகாத அறைகளாகத் தடுத்துவிட்டோம். அங்கே கரியடுப்பு வைத்தால், மணமற்ற கார்பன் மோனாக்சைடு உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கும்.

பாட்டிக்குக் கம்பளியும் காதுக்குத் துணியும் கொடுப்போம். வீட்டைச் சூடாக்க வேண்டாம். அவரைச் சூடாக வைத்தால் போதும்.