சமஷ்டி யாப்பின் உயிர்நாடி: கொடுத்ததைத் திரும்ப எடுக்க முடியுமா?

இலங்கை அரசியலில் "சமஷ்டி" என்ற சொல்லைப் போல அதிகம் பேசப்பட்டு, குறைவாக விளங்கிக்கொள்ளப்பட்ட சொல் வேறொன்று இல்லை எனலாம். தெற்கில் பலருக்கு அது நாட்டைப் பிரிப்பதற்கான முதற்படி. வடக்கு கிழக்கில் பலருக்கு அது சகல நோய்க்கும் மருந்து. சமஷ்டி யாப்பு ஒன்றின் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்ப்பவர்கள் இரு பக்கத்திலும் குறைவு.

அரசறிவியல் பாடநூல்கள் சமஷ்டி யாப்பின் இயல்புகளாகச் சிலவற்றை வரிசைப்படுத்துகின்றன. எழுதப்பட்ட யாப்பு, யாப்பின் மீயுயர் தன்மை, மத்திக்கும் மாநிலங்களுக்கும் இடையிலான அதிகாரப் பங்கீடு, நெகிழாத் தன்மை, சுதந்திரமான நீதிமன்றம், மாநிலங்களைப் பிரதிநிதித்துவப்படுத்தும் இரண்டாம் மன்றம் என்பன அவற்றுள் முக்கியமானவை. பரீட்சைக்கு இந்தப் பட்டியல் போதும். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரேயொரு கேள்வி. பங்கிடப்பட்ட அதிகாரத்தை ஒரு தரப்பு மற்றத் தரப்பைக் கேளாமல் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா? முடியுமானால், எத்தனை அதிகாரங்கள் கொடுக்கப்பட்டிருந்தாலும் அது சமஷ்டி ஆகாது. அது அதிகாரப் பரவலாக்கம் மட்டுமே.

நிலைத்து நிற்கும் சமஷ்டி நாடுகள் இந்தக் கதவை எவ்வாறு பூட்டி வைத்திருக்கின்றன என்று பார்க்கலாம். 1787இல் வரையப்பட்ட அமெரிக்க யாப்பைத் திருத்துவதற்கு மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கு, அதாவது இன்றைய 50இல் 38 மாநிலங்கள், சம்மதிக்க வேண்டும். செனற் சபையில் ஒரு மாநிலத்துக்குள்ள சம பிரதிநிதித்துவத்தை அந்த மாநிலத்தின் சம்மதமின்றிப் பறிக்கவே முடியாது. 1848இல் சமஷ்டியான சுவிற்சர்லாந்தில் யாப்புத் திருத்தம் ஒன்று நிறைவேற, நாட்டு மக்களின் பெரும்பான்மையும் கன்டன்களின் பெரும்பான்மையும் ஒருங்கே வேண்டும். அவுஸ்திரேலியாவிலும் சர்வசன வாக்கெடுப்பில் மொத்த வாக்குகளின் பெரும்பான்மை மட்டும் போதாது. ஆறு மாநிலங்களில் நான்கு தனித்தனியாக ஆம் என்று சொல்ல வேண்டும். எண்ணிக்கையில் பெரியவர்கள் சிறியவர்களை வாக்குப் பலத்தால் மட்டும் மாற்றி எழுத முடியாது என்பதே இவற்றின் சாரம்.

இந்தியா இடைநடுவில் நிற்கிறது. 1950இல் நடைமுறைக்கு வந்த அதன் யாப்பு தன்னைச் சமஷ்டி என்று அழைப்பதில்லை. மாநிலங்களின் ஒன்றியம் என்றே கூறுகிறது. அதிகாரப் பட்டியல்களை மாற்றுவதற்கு அரைவாசி மாநிலங்களின் சட்டமன்றங்கள் ஏற்க வேண்டும் என்பது சமஷ்டிப் பண்பு. ஆனால் ஒரு மாநிலத்தின் எல்லையையே மாற்றுவதற்குப் பாராளுமன்றத்தின் சாதாரண பெரும்பான்மை போதும். மாநிலத்திடம் அபிப்பிராயம் கேட்கப்படும், அவ்வளவுதான். 2014இல் ஆந்திரச் சட்டமன்றம் மறுத்த பின்னரும் தெலுங்கானா உருவானது. 2019இல் ஜம்மு காஷ்மீர் மாநிலம் இரண்டு யூனியன் பிரதேசங்களாக்கப்பட்டபோது அங்கே கேட்பதற்குச் சட்டமன்றமே இருக்கவில்லை. பூட்டு ஒன்று இருந்தும், சாவி ஒரு பக்கத்திலேயே தொங்குகிறது.

இதே அளவுகோலை இலங்கைக்குப் பொருத்திப் பார்த்தால் விடயம் தெளிவாகும். 1978 யாப்பின் இரண்டாம் உறுப்புரை இலங்கையை ஒற்றையாட்சி அரசு என்கிறது. 1987இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் மாகாண சபைகள் வந்தபோது, ஒன்பது நீதியரசர்களில் ஐவர் அது ஒற்றையாட்சியைப் பாதிக்கவில்லை என்று கூறியதாலேயே சர்வசன வாக்கெடுப்பின்றி அது சட்டமாகியது. மாகாண சபைப் பட்டியல் உண்டு, ஒருங்கிய பட்டியல் உண்டு, ஒதுக்கிய பட்டியலும் உண்டு. பார்வைக்குச் சமஷ்டி போலவே தெரியும். ஆனால் அந்தப் பட்டியல்களை மாற்ற விரும்பும் மத்திய அரசு மாகாண சபைகளின் கருத்தைக் கேட்டால் போதும். அவை மறுத்தாலும் பாராளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் அதை நிறைவேற்றலாம்.

இது ஏட்டளவிலான அச்சமல்ல. திவிநெகும சட்டமூலம் மாகாண சபைகளுக்கு அனுப்பப்பட வேண்டும் என உயர் நீதிமன்றம் 2012இல் கூறியது. அப்போது வடக்கில் தெரிவுசெய்யப்பட்ட சபை இல்லாததால் ஆளுநர் சம்மதம் கொடுத்தார். ஆளுநரின் சம்மதம் சபையின் சம்மதமாகாது என்றது நீதிமன்றம். முடிவில் 2013 ஜனவரியில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையுடன் சட்டமூலம் நிறைவேறியது. தீர்ப்பளித்த குழாமுக்குத் தலைமை தாங்கிய பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க அதே மாதத்தில் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். நீதிமன்றத்தின் சுதந்திரம் சமஷ்டிக்கு ஏன் அவசியம் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

கலைக்காமலே இல்லாமற் செய்யவும் முடியும். 2017இல் தேர்தல் முறை மாற்றப்பட்டது. எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018இல் நிராகரித்தது. 2019க்குள் ஒன்பது சபைகளின் காலமும் முடிந்தன. 2024 முடியும்வரை எந்த மாகாணத்திலும் தேர்தல் நடக்கவில்லை. ஆளுநர்களே நிர்வாகத்தை நடத்தினர். ஒரு கனேடிய மாகாணத்தின் சட்டமன்றத்தை ஒட்டாவா இப்படி ஆண்டுக்கணக்கில் வெறுமையாக வைத்திருப்பதைக் கற்பனை செய்ய முடியுமா?

சமஷ்டி பிரிவினைக்கு வழிவகுக்கும் என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. சமஷ்டி எனப் பெயர் கொண்ட யூகோஸ்லாவியா சிதறியது உண்மை. ஆனால் பாகிஸ்தானின் கதையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1966இல் ஷேக் முஜிபுர் ரஹ்மான் முன்வைத்த ஆறு அம்சங்களில் முதலாவது, பாகிஸ்தான் உண்மையான சமஷ்டியாக வேண்டும் என்பதே. 1970 தேர்தலில் அவரது கட்சி பெரும்பான்மை பெற்றும் ஆட்சி கையளிக்கப்படவில்லை. 1971இல் பங்களாதேஷ் பிறந்தது. அங்கே நாட்டை உடைத்தது சமஷ்டி அல்ல, அதன் மறுப்பே. இலங்கையின் உயர் நீதிமன்றமும் 2017இல், சமஷ்டியைக் கோருவது பிரிவினையைக் கோருவதாகாது எனத் தீர்ப்பளித்துள்ளது.

சமஷ்டியை முதலில் பேசியவர் தமிழரல்லர் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. 1926இல் அதை முன்வைத்தவர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க. அடுத்த ஆண்டு டொனமூர் ஆணைக்குழுவிடம் அதைக் கேட்டவர்கள் கண்டிச் சிங்களத் தலைவர்கள். தாமும் எண்ணிக்கையில் சிறுபான்மையாகிவிடுவோம் என்ற அச்சம் அவர்களுக்கும் இருந்தது.

ஆகவே நாளை புதிய யாப்பு வரைபு ஒன்று வந்தால், அதன் முகப்பில் ஒற்றையாட்சி என்றிருக்கிறதா, சமஷ்டி என்றிருக்கிறதா, "ஏக்கிய ராஜ்ய" என்றிருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சண்டையிடுவதில் பயனில்லை. அதிகாரங்களின் பட்டியல் எவ்வளவு நீளம் என்று எண்ணுவதிலும் பெரும் பயனில்லை. திருத்தம் செய்யும் முறை பற்றிய அத்தியாயத்தையே முதலில் படிக்க வேண்டும். அங்கே மாகாணத்தின் சம்மதம் கட்டாயம் என்றிருந்தால் அது உரிமை. கொழும்பின் விருப்பம் போதும் என்றிருந்தால் அது இரவல். இரவற் பொருளை நம்பி யாரும் வீடு கட்டுவதில்லை.