பரணில் கிடக்கும் தாத்தாவின் ஷூ... போகிக்குத் தூக்கிப் போடும் முன் திருப்பிப் பாருங்க!

போகிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. பரணில் இருப்பதெல்லாம் ஒவ்வொன்றாக இறங்கும். ஓட்டைக் குடம், கம்பி போன குடை, அவற்றோடு நசுங்கிய ஓர் அட்டைப்பெட்டி. திறந்தால் உள்ளே தாத்தா ரிட்டயர்மென்ட் அன்று போட்ட கறுப்பு ஷூ, மேலெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. "ச்சீ, இதை யார் தொடுவா? தூக்கிப் போடுங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் என்று எந்தப் பக்கம் போனாலும் பழைய ஷூ பலவற்றின் கதை இப்படித்தான் முடிகிறது. டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது. ஷூவைப் பற்றி யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

எரிப்பதற்கு முன் ஒரு நிமிடம் அதைத் திருப்பிப் பாருங்கள்.

மேல்தோலும் சோலும் சேரும் இடத்தில், ஷூவைச் சுற்றி மெல்லிய தோல்பட்டை ஓடுகிறதா? அதன்மேல் தையல் தெரிகிறதா? அப்படியென்றால் அது 'குட்இயர் வெல்ட்' முறையில் தைத்த ஷூவாக இருக்கலாம். இந்த குட்இயர், ரப்பரைப் பதப்படுத்தும் முறையைக் கண்டுபிடித்த சார்லஸ் குட்இயரின் மகன். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்தத் தையலுக்கான இயந்திரத்தைப் பரவலாக்கியவர். (டயர் கம்பெனி அப்பாவின் பெயரைத்தான் வைத்துக்கொண்டது. குடும்பத்துக்கும் கம்பெனிக்கும் தொடர்பு இல்லை!) இம்முறையில் மேல்தோலை முதலில் பட்டையோடு தைப்பார்கள், பிறகு பட்டையைச் சோலோடு தைப்பார்கள். அதனால் சோல் தேய்ந்தால் அதை மட்டும் பிரித்து வேறு போடலாம், மேல்தோலுக்கு ஒன்றும் ஆகாது.

ஷூவுக்குள் கையை விட்டால் உள்சோலில் தையல் தட்டுப்படுகிறதா? அது 'பிளேக்' தையல். அமெரிக்காவின் லைமன் பிளேக் 1858-இல் காப்புரிமை வாங்கிய முறை. இதையும் மாற்றலாம், ஆனால் கை தேர்ந்தவர் வேண்டும். இரண்டுமே இல்லையென்றால் வெறும் பசை. ஒரு எச்சரிக்கை: பசை ஷூவிலும் ஓரத்தில் அழகுக்காகப் பொய்த்தையல் போட்டுவிடுகிறார்கள். தையல் தெரிகிறது என்பதற்காக உடனே விசிலடிக்க வேண்டாம்.

இங்கேதான் ஒரு வேடிக்கை இருக்கிறது. 40 வருடத்துக்கு முந்தைய தோல் சோல் ஷூ பரணில் பத்திரமாக இருக்கும். ஆனால் சில வருடங்களுக்கு முன் கல்யாணத்துக்கு வாங்கி இரண்டே முறை போட்ட ஷூவை எடுத்து நடந்தால், நாலாவது அடியில் சோல் பிஸ்கட் மாதிரி உதிரும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று திட்டுவோம். உண்மையில் குற்றவாளி காற்றிலுள்ள ஈரம். பாலியூரித்தேன் சோலை ஈரப்பதம் மெல்ல மெல்ல வேதியியல் ரீதியாக உடைக்கிறது. போடாமல் வைத்திருந்தாலும் நடக்கும். பழவேற்காடு ஏரியும் கடலும் பக்கத்தில் இருக்கும் இந்தப் பகுதியில் ஈரத்துக்குக் கேட்கவா வேண்டும்?

இது சிப்காட்டில் வேலை செய்பவர்களுக்கு வெறும் அழகுப் பிரச்னை இல்லை. பல சேஃப்டி ஷூக்களுக்கும் இதே பாலியூரித்தேன் சோல்தான். "புதுசு, அப்புறம் போட்டுக்கலாம்" என்று பெட்டியிலேயே வைத்திருந்த ஜோடி, ஷிப்ட் நடுவில் எண்ணெய் சிந்திய தரையில் சோலைக் கழற்றிவிட்டால் என்ன ஆகும்? உள்ளே தயாரித்த மாதமும் வருடமும் இருந்தால் பாருங்கள். பழையதென்றால் சோலைக் கையால் வளைத்து, விரிசல் விழுகிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

பழைய ஷூ சேகரிப்பது வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் ஷூக்களையும் அமெரிக்காவின் ஃப்ளோர்ஷைமையும் தேடி அலைபவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் தோல் விஷயத்தில் நம் ஊருக்கும் கதை இருக்கிறது. தாம்பரம் லைனில் தினமும் கடக்கிற குரோம்பேட்டைக்குப் பெயர் எப்படி வந்தது? அங்கிருந்த 'குரோம் லெதர் கம்பெனி'யால். குரோமியம் உப்பில் சில நாட்களில் தோல் பதமாகிவிடும். அதற்கு முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் ஊறவைத்தார்கள். அந்தத் தோல்தான் 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்ற பெயரில் கப்பலேறியது. இன்று அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948-இல் தொடங்கியது. ஆம்பூர், ராணிப்பேட்டையில் தயாராகும் ஷூக்கள் வெளிநாட்டு பிராண்ட் பெயர்களில் விற்கின்றன.

இதற்குக் கொடுத்த விலையும் சின்னதில்லை. தோல் கழிவால் பாலாறு பட்ட பாடு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-இல் தீர்ப்பு வந்தது. ஒரு ஜோடி ஷூவுக்குப் பின்னால் இவ்வளவு தண்ணீரும் ரசாயனமும் இருக்கும்போது, சோல் தேய்ந்ததென்று முழு ஷூவையும் குப்பையில் போடுவது அநியாயம்.

சரி, பூஞ்சை பிடித்த ஷூவை என்ன செய்வது?

முகக்கவசம் போட்டுக்கொண்டு வாசலில் வைத்து உலர்ந்த துணியால் துடையுங்கள். வீட்டுக்குள் தட்டினால் பூஞ்சைத் தூள் மற்ற துணிகளுக்கும் போகும். பிறகு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து லேசாகத் துடைக்க வேண்டும். காயவைப்பது நிழலில் மட்டும். மொட்டை மாடி வெயில் தோலை முறுக்கி வெடிக்க வைக்கும். ஹேர் டிரையரும் வேண்டாம். உள்ளே பேப்பரைச் சுருட்டித் திணித்து, ஈரமானதும் மாற்றுங்கள்.

காய்ந்ததும் போட்டுப் பார்க்க ஆசை வரும். பொறுங்கள். வருடக்கணக்கில் எண்ணெய்ப்பசை இல்லாத தோல், விரல் மடியும் இடத்தில் சட்டென்று வெடித்துவிடும். லெதர் கண்டிஷனரை மெல்லிசாகத் தடவி ஒரு நாள் விட்டு, மறுபடி ஒருமுறை தடவுங்கள். அதன்பிறகு ஷூ க்ரீம், கடைசியில்தான் மெழுகு பாலிஷ். பாட்டி வைத்தியம் என்று தேங்காய் எண்ணெய் பூசுகிறவர்கள் நிறைய. தோல் கருத்து, தூசி ஒட்டி, பிசுபிசுப்புதான் மிஞ்சும்.

விரல் பட்டதும் மேல்தோல் செம்பொடியாக உதிர்கிறதா? அந்த ஷூவை எந்த க்ரீமும் காப்பாற்றாது. ஆசைக்கு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு விட்டுவிடலாம்.

வைக்கும்போது பிளாஸ்டிக் கவர் கூடவே கூடாது, துணிப்பை போதும். மழைக்காலத்தில் சிலிகா ஜெல் பாக்கெட் ஒன்றிரண்டு உள்ளே போடலாம். ஒரு நாள் போட்டால் மறுநாள் ஓய்வு கொடுங்கள், வியர்வை காய வேண்டும். தோல் சோல் மழையில் வழுக்கும், நீரை உறிஞ்சும். தினமும் ஸ்டேஷனுக்கு நடப்பவர்கள் முன்பாதிக்கு மட்டும் மெல்லிய ரப்பர் ஒட்டிக்கொள்ளலாம்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. "செத்தவங்க செருப்பைப் போடலாமா?" பல வீடுகளில் மனசு ஒப்பாது. கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. வெல்ட் ஷூவின் உள்சோலுக்கு அடியில் இருக்கும் கார்க், வருடங்கள் போகப்போகப் போட்டவரின் பாதம்போலவே பதிந்துவிடும். தாத்தாவின் கட்டைவிரல் குழி பேரனுக்கு உறுத்தும். சோல் மாற்றும்போது கார்க்கையும் புதிதாக நிரப்பச் சொல்லலாம். அதற்கு மனம் வராதவர்கள் அப்படியே துடைத்து அலமாரியில் வைத்துக்கொள்ளட்டும். ஒரு ஜோடி இருந்தாலும் அது சேகரிப்புதான்.

தைத்துத் தருபவரைக் கண்டுபிடிப்பதுதான் இன்றைய தேதியில் கஷ்டம். ஸ்டேஷன் வாசலில் குடையை விரித்து உட்கார்ந்திருக்கும் அண்ணன்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். தொழிலோடு ஒட்டிக்கொண்ட சாதி இழிவுக்கும் கிடைக்கும் சொற்பக் காசுக்கும் நடுவில், பிள்ளைகளை இதில் விட யாருக்கு மனசு வரும்? ஷோரூமில் பேரம் பேசாமல் ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, இவரிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டும் பழக்கத்தையாவது விடலாம். முதலில் அவரிடம் ஷூவைக் காட்டி, தோல் சோல் மாற்றிய அனுபவம் உண்டா என்று கேளுங்கள். முடியாததை முடியாது என்று சொல்பவரிடம் மற்ற வேலைகளை நம்பிக் கொடுக்கலாம்.

உள்ளூரில் ஆள் இல்லையென்றால் கும்மிடிப்பூண்டியிலிருந்தோ திருவள்ளூரிலிருந்தோ மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து இறங்குங்கள். தோல் மண்டிகளுக்குப் பேர்போன பெரியமேடு அங்கிருந்து நடக்கும் தூரம். சோல் தோல், பசை, க்ரீம் விற்கும் கடைகளில் விசாரித்தாலே தைக்கும் ஆளைக் கைகாட்டிவிடுவார்கள். பழைய ஷூவைப் பையில் போட்டு எடுத்துப்போக மறக்காதீர்கள், நேரில் பார்க்காமல் யாரும் விலை சொல்ல மாட்டார்கள்.