பெயர் பெரிதா, பெருக்கல் பெரிதா?

147573952589676412927. இந்த 21 இலக்க எண்ணைக் கொஞ்சம் பாருங்கள். 67 இரண்டுகளைப் பெருக்கி, அதில் 1-ஐக் கழித்தால் வருவது இது.

இது பகா எண் என்று 1644-ல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் எழுதிவைத்தார். பெரிய மனிதர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? இல்லை! 1876-ல் லூக்கா என்பவர் இது பகு எண்தான் என்று நிரூபித்தார். ஆனால் காரணிகள் எவை என்பதை அவரது முறை காட்டவில்லை. 1903-ல் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் அவற்றைக் காட்டினார்:

193707721 × 761838257287

கண்டுபிடிப்பது கடினம், சரிபார்ப்பது சுலபம். இணையத்தில் ரகசியம் காக்கும் ஆர்.எஸ்.ஏ. முறை நிற்பதும் இதே குணத்தின் மேல்தான். அங்கே எண்கள் இன்னும் பல மடங்கு பெரியவை, அவ்வளவுதான்.

பள்ளிக் கணக்கில் சூத்திரங்களை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். அதற்கு முன் இந்த எண்ணின் கதையைச் சொல்ல வேண்டும். 232 ஆண்டுகள் தாக்குப்பிடித்த ஒரு தவறு, ஆளின் பெயரைப் பார்த்து நம்பக்கூடாது என்பதை மாணவருக்குப் புரியவைக்கும். ஆசிரியர் சொன்னாலும், பாடப்புத்தகம் சொன்னாலும் போட்டுப் பார்க்கும் பழக்கம் அப்போதுதான் வரும்.

கோல் சொன்னதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒரு தாளை எடுத்துப் பெருக்கிப் பாருங்கள்... ஒரு பக்கம் போதும்.