ஐ.என்.எஸ். சென்னை: நம் ஊர்ப் பெயர் தாங்கிய கப்பலின் கண்கள் யாருடையவை?

2024 ஜனவரி 4 அன்று மாலை, சோமாலியாவுக்குக் கிழக்கே அரபிக்கடலில் 'லீலா நார்ஃபோக்' என்ற சரக்குக் கப்பலில் ஆயுதம் ஏந்திய ஐந்தாறு பேர் ஏறினார்கள். பிரேசிலிலிருந்து பஹ்ரைனுக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல் அது. அதிலிருந்த 21 பேரில் 15 பேர் இந்தியர்கள். அவர்கள் கப்பலுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறையில் தங்களைப் பூட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். மறுநாள் பிற்பகல் இந்தியக் கடற்படைக் கப்பல் ஒன்று அங்கே போய்ச் சேர்ந்தது. கமாண்டோக்கள் ஏறித் தேடியபோது கொள்ளையர்கள் யாரும் இல்லை. 21 பேரும் உயிருடன் மீட்கப்பட்டார்கள். போன கப்பலின் பெயர் ஐ.என்.எஸ். சென்னை.

இராயபுரம், மண்ணடி, திருவொற்றியூர் பக்கம் கப்பல் வேலைக்கோ வளைகுடாவுக்கோ ஒருவரையாவது அனுப்பாத தெரு குறைவு. ஆகவே இதை எங்கோ நடந்த செய்தியாக நம்மால் படிக்க முடியவில்லை. நம் ஊரின் பெயரைச் சுமக்கும் அந்தக் கப்பலுக்குள் என்ன இருக்கிறது, அது எங்கிருந்து வந்தது என்பதையும் நாம் தெரிந்துகொள்வது நல்லது. பெருமைப் பேச்சில் இந்த விவரங்கள் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன.

கொல்கத்தா, கொச்சி, சென்னை என மூன்று துறைமுக நகரங்களின் பெயரில் மும்பை மசகான் கப்பல் தளம் கட்டிய மூன்று நாசகாரிக் கப்பல்களில் கடைசியானது இது. 2010 ஏப்ரலில் நீரில் இறக்கப்பட்டு, 2016 நவம்பர் 21 அன்றுதான் கடற்படையில் சேர்க்கப்பட்டது. இடையில் ஆறரை ஆண்டுகள்! நீளம் சுமார் 164 மீட்டர், எடை சுமார் 7,500 டன். 2017 நவம்பரில் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது, அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி பங்கேற்ற விழாவில் நகரத்துக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆனால் கப்பல் இருப்பது மேற்குக் கடற்படையில், மும்பையில். நம்மிடம் இருப்பது பெயர் மட்டும்தான்.

ஒரு போர்க்கப்பலில் பீரங்கியைவிட முக்கியமானது பார்வை. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் கப்பல் சென்னைக்கு எதிரே வந்து நின்று, துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்க் கிடங்குகளை நோக்கிச் சுட்டது. சுமார் அரை மணி நேரத்தில் நூறு குண்டுகளுக்கு மேல் வீசிவிட்டு இருட்டில் மறைந்தது. கரையில் இருந்தவர்களுக்கு அது வந்ததும் தெரியவில்லை, போன திசையும் தெரியவில்லை. 'அவன் பெரிய எம்டன்பா' என்று நம் ஊரில் இன்றும் சொல்வது அந்த இரவின் மிச்சம்.

ஐ.என்.எஸ். சென்னையின் கொடிமரக் கோபுரத்தில் நான்கு பக்கமும் நான்கு தட்டையான பலகைகள் பதிக்கப்பட்டிருக்கும். 'எம்.எஃப். ஸ்டார்' என்ற ரேடார் அது. பழைய ரேடாரைப் போல இது சுழலாது. ஒவ்வொரு பலகையிலும் ஏராளமான சிறு அலைபரப்பிகள் இருக்கின்றன. அவை அலையை மின்னணு முறையிலேயே திசை திருப்புகின்றன. ஆகவே நாற்புறமும் ஒரே நேரத்தில் பார்க்கலாம்; உயரத்தில் வரும் போர் விமானத்தை 250 கிலோமீட்டருக்கு அப்பாலேயே கண்டுவிடலாம்.

ஆனால் கடல் மட்டத்தை ஒட்டித் தாழப் பறந்து வரும் ஏவுகணையை எந்த ரேடாராலும் அவ்வளவு தூரத்தில் காண முடியாது. பூமியின் வளைவு மறைத்துவிடும். சுமார் 25 கிலோமீட்டருக்குள் வந்த பிறகுதான் அது தெரியவரும். ஒலியின் வேகத்தை நெருங்கி வரும் ஏவுகணைக்கு அந்தத் தூரம் ஒன்றரை நிமிடம்கூட இல்லை. ஒலியைவிட இரண்டரை, மூன்று மடங்கு வேகத்தில் வந்தால் அரை நிமிடம். அதற்குள் கண்டு, இன்னதென்று முடிவு செய்து, எதிர் ஏவுகணையை ஏவி, வீழ்த்த வேண்டும். 2024 ஜனவரி இறுதியில் செங்கடலில் அமெரிக்காவின் கிரேவ்லி கப்பல், ஹூதிகள் ஏவிய ஏவுகணையைக் கடைசி நொடிகளில் பக்கத்துத் துப்பாக்கியால்தான் வீழ்த்தியது. அதற்கு முன் அது ஏறக்குறைய ஒரு மைல் தூரத்துக்குள் வந்துவிட்டிருந்தது.

வரும் ஏவுகணையை வீழ்த்த ஐ.என்.எஸ். சென்னையில் இருப்பது 'பராக்-8'. மொத்தம் 32, தளத்துக்கு அடியில் செங்குத்தாக அடுக்கப்பட்டிருக்கின்றன. எபிரேய மொழியில் பராக் என்றால் மின்னல். நாம் குர்ஆனில் ஓதும் 'பர்க்' என்ற சொல்லும் அதே வேர்தான். 2019 மே மாதம் ஐ.என்.எஸ். கொச்சியும் ஐ.என்.எஸ். சென்னையும் சேர்ந்து ஒரு சோதனை நடத்தின. இரண்டு கப்பல்களிலிருந்தும் கிளம்பிய ஏவுகணைகளை ஒரே கப்பல் வழிநடத்தி, வெவ்வேறு இலக்குகளை வானில் வீழ்த்தியது. ஒரு கப்பல் காண்பதை இன்னொரு கப்பலும் காணும் இந்த முறை மிகச் சில கடற்படைகளிடமே உண்டு.

ரேடார், இஸ்ரேல் ஏரோஸ்பேஸ் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் தயாரிப்பு. ஏவுகணை, அதே நிறுவனமும் நம் டி.ஆர்.டி.ஓ.வும் சேர்ந்து உருவாக்கியது. 'கூட்டுத் தயாரிப்பு' என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டாலும், கப்பலின் கண் இஸ்ரேலுடையது என்பதே உண்மை நிலை.

மற்ற பாகங்களையும் பார்ப்போம். எதிரிக் கப்பலைத் தாக்கும் 16 பிரம்மோஸ் ஏவுகணைகள் இந்திய-ரஷ்யக் கூட்டு. பிரம்மபுத்ரா, மாஸ்க்வா என்ற இரு நதிகளின் பெயர்களைச் சேர்த்து வைத்த பெயர் அது. கப்பலை ஓட்டும் நான்கு எரிவாயு விசையாழிகள் உக்ரைனின் மிக்கோலைவ் நகரிலுள்ள சோரியா நிறுவனத்துடையவை. 2022 முதல் ரஷ்யா குண்டு வீசிவரும் அதே நகரம். அடிப்பவனின் ஏவுகணையும் அடிபடுபவனின் இயந்திரமும் ஒரே கப்பலில் பயணம் செய்கின்றன! மூன்றாவது நாடான இஸ்ரேல், 2023 அக்டோபரிலிருந்து காஸாவில் என்ன செய்துவருகிறது என்பதை நாம் இங்கே எழுதத் தேவையில்லை. ஆக கண், கை, கால் மூன்றையும் தந்தவர்கள் போரில் இறங்கியவர்கள். நாளை நமக்கு ஒரு நெருக்கடி வந்தால், உதிரி பாகங்களை முதலில் தங்கள் படைக்குக் கொடுப்பார்களா, நமக்கா?

காதின் கதை கொஞ்சம் ஆறுதல். காசிமேட்டு விசைப்படகுகளில் மீன் கூட்டத்தைக் காட்ட 'எக்கோ சவுண்டர்' வைத்திருப்பார்கள். ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் அதே தத்துவம்தான் சோனார். இந்தக் கப்பலின் முகப்பில் இருக்கும் 'ஹம்சா' சோனார், கொச்சியிலுள்ள கடற்படை ஆய்வகம் வடிவமைத்து, பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்தது. ஆனால் நம் கடல்களில் மேல் நீர் வெதுவெதுப்பாகவும் கீழ் நீர் குளிர்ந்தும் இருப்பதால் ஒலி வளைந்துவிடும். நீர்மூழ்கி அந்த அடுக்குக்குக் கீழே ஒளிந்துகொள்ளலாம். அதைக் கேட்க, கப்பலின் பின்னால் நீண்ட வடத்தில் இழுத்துச் செல்லும் சோனார் தேவை. பல்லாயிரம் கோடி செலவில் கட்டிய இந்த வகைக் கப்பல்கள் கடற்படையில் சேர்ந்தபோது அது அவற்றில் இல்லை. கொல்கத்தா கப்பல் 2014 ஆகஸ்டில் சேர்க்கப்பட்டபோது பராக்-8 ஏவுகணைகூடத் தயாராகவில்லை. அந்தக் கப்பலிலிருந்து முதல் சோதனை 2015 டிசம்பர் இறுதியில்தான் நடந்தது.

நாட்டுக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. லீலா நார்ஃபோக்கில் இருந்த 15 பேரின் வீட்டாரைக் கேட்டால் கடற்படையின் அருமை தெரியும். அங்கே வேலை செய்தவை ஹெலிகாப்டரும், கமாண்டோக்களும், மேலே வட்டமிட்ட பி-8ஐ விமானமும்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பராக்கும் பிரம்மோஸும் அன்று அசையவில்லை. அந்த வகை விமானங்களின் முக்கியத் தளம் நம் அரக்கோணத்தில் உள்ள ஐ.என்.எஸ். ராஜாளி.

நம் கேள்வி வரிப்பணம் பற்றியது. ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2020 முதல் 2024 வரை இஸ்ரேல் ஏற்றுமதி செய்த ஆயுதங்களில் 34 சதவீதத்தை வாங்கியது இந்தியா. வேறெந்த நாடும் இதற்கு அருகில்கூட இல்லை. இந்த உறவு ஒருவழிப் பாதையும் அல்ல. 2024 மே மாதம் 'மரியன் டானிகா' என்ற கப்பல் தன் துறைமுகத்தில் நிற்க ஸ்பெயின் அனுமதி மறுத்தது. 27 டன் வெடிபொருளுடன் ஹைஃபாவுக்குப் போன அந்தக் கப்பல் கிளம்பிய இடம் சென்னை என்று எல் பாயிஸ் நாளிதழ் எழுதியது. ஸ்பெயின் அரசு கேட்ட கேள்வியை நம் நாடாளுமன்றத்தில் எத்தனை பேர் கேட்டார்கள்?

எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி கப்பல் தளம் இருக்கிறது. கடலோரக் காவல்படையின் ரோந்துக் கப்பல்கள் அங்கே கட்டப்பட்டன. 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் சரக்கு, வெடிமருந்துக் கப்பலான 'சார்லஸ் ட்ரூ' பழுதுபார்க்க வந்ததும் அங்கேதான். அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று இந்தியாவில் பழுதுபார்க்கப்பட்டது அதுவே முதல் முறை. வெல்டிங், மின்பணி, மின்னணுப் பணி தெரிந்த நம் பிள்ளைகள் துபையிலும் தம்மாமிலும் செய்யும் வேலை இங்கேயும் இருக்கிறது. இன்னொரு புறம், 2023 டிசம்பரில் ஒரே மாதத்தில் எண்ணெய்க் கசிவையும் அம்மோனியா கசிவையும் எண்ணூர் மக்கள் அனுபவித்தார்கள். இங்கே எந்தக் கப்பல், எந்தச் சரக்குடன் வந்து நிற்கிறது என்பது டெல்லியில் இருப்பவர்கள் மட்டும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அல்ல.

சென்னைக்குப் பிறகு விசாகப்பட்டினம், மோர்முகாவ், இம்பால், சூரத் என்று இன்னும் நான்கு நாசகாரிகள் சேர்ந்துவிட்டன. கடைசியான சூரத் 2025 ஜனவரியில் சேர்ந்தது. பஹல்காம் தாக்குதலுக்கு இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 24 அன்று, கடலை ஒட்டிப் பறந்த இலக்கு ஒன்றை அது சுட்டு வீழ்த்தியது. அந்தக் கப்பலின் கோபுரத்திலும் இருப்பது அதே எம்.எஃப். ஸ்டார்தான்.