செத்த சிப்பாய்க்குப் பெயர் வேண்டும்

ஆடிப் பதினெட்டு வந்துவிட்டால் காரவள்ளி அடிவாரத்தில் நிற்க இடமிருக்காது. சேந்தமங்கலம், நாமக்கல், ராசிபுரம் பக்கத்து ஜனங்கள் பஸ்ஸிலும் வேனிலும் வந்து குவிகிறார்கள். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைக்குப் போகிறார்கள். மேலே வல்வில் ஓரிக்கு சர்க்கார் விழா எடுக்கிறது. ஓரியின் சிலைக்கு மாலை விழுகிறது.

விழா கூடாதென்று நாம் சொல்லவில்லை. சேரன் பெருஞ்சேரல் இரும்பொறைக்காகத் திருமுடிக்காரி வந்து ஓரியைக் கொன்றான் என்று சங்கப் பாட்டுகள் கூறுகின்றன. மலை ஜனங்கள் இன்றும் அவனை மறக்கவில்லை. நல்ல காரியமே. ஆனால் நம்முடைய கேள்வி வேறு. அந்தச் சண்டையில் ஓரி தனியாகவா நின்றான்? அவனோடு வில்லெடுத்து நின்று விழுந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு மாலை போடுவது யார்?

அரசர்களின் சரித்திரம் இதற்குப் பதில் சொல்லாது. ஆனால் ஊர் ஜனங்களின் சரித்திரத்தில் பதில் இருக்கிறது. அதுதான் நடுகல்.

சண்டையில் ஒருவன் விழுந்தால், உற்றாரும் ஊராரும் அவனுக்குக் கல் எடுத்தார்கள். தொல்காப்பியம் இதை வரிசையாகச் சொல்கிறது. நல்ல கல்லாகத் தேடிக் காண்பது, அதைக் கொண்டுவருவது, நீராட்டுவது, நடுவது, படையல் போடுவது, வாழ்த்துவது. பெயரையும் பெருமையையும் கல்லில் பொறித்தார்கள். மயில்பீலி சூட்டினார்கள். கள் படைத்தார்கள். செத்தவனைக் குடும்பம் கைவிடாது என்பதற்கு இந்த மண் கண்ட முறை இது.

2006-ல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் சில நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மூத்த கற்கள். அதில் ஒன்று மாடு கவரும் சண்டையில் இறந்த அந்தவன் என்பவனுடையது. அவன் அரசனுமல்ல, பாட்டுடைத் தலைவனுமல்ல. ஆனாலும் அவன் பெயர் இன்றும் கல்லில் இருக்கிறது.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் இன்னொரு கல் இருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. சுமார் 1,400 ஆண்டுப் பழமை. கருந்தேவகத்தி என்ற வீரனுக்காக எடுத்தது. அவனோடு அவன் நாயும் கல்லில் நிற்கிறது. கள்ளரைக் கடித்து, எஜமானனைக் காத்து நின்ற நாய். அதன் பெயர் கோவிவன். நாயின் பெயரையும் விடாமல் வெட்டி வைத்தார்கள் நம் ஊர் ஜனங்கள். தோழர்களே, இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் படியுங்கள்.

1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டது. வெள்ளை ஏகாதிபத்தியம் இந்தியாவிலிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கடத்திக் கொண்டுபோயிற்று. பெரும்பாலோர் ஏழை விவசாயிகளின் பிள்ளைகள். வயிற்றுப்பாட்டுக்காகப் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் ஏராளம். சுமார் 74,000 பேர் திரும்பவில்லை. மெசபடோமியா என்று அன்று சொன்ன இராக்கில் மாண்டு, கல்லறையும் தெரியாமல் போனவர்களுக்காகப் பஸ்ராவில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். வெள்ளைக்கார அதிகாரியின் பெயர் அதில் வெட்டப்பட்டது. வெள்ளைக்காரச் சிப்பாயின் பெயரும் வெட்டப்பட்டது. இந்திய அதிகாரியின் பெயரும் ஏறியது. இந்தியச் சிப்பாய்? ரெஜிமெண்டின் பெயரைப் போட்டு, கீழே இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும் வெட்டினார்கள்! இப்படி எண்ணிக்கையாகிப் போனவர்கள் 30,000-க்கும் மேல்.

பல்லவர் காலத்து நாய்க்கு ஊரார் கொடுத்த மரியாதையை, சூரியன் அஸ்தமிக்காத சாம்ராஜ்யம் தனக்காகச் செத்த சிப்பாய்க்குக் கொடுக்கவில்லை. இந்தக் கணக்கில் நிறமும் உண்டு, வர்க்கமும் உண்டு.

தூரத்தில் பஸ்ராவில் மட்டும் நடந்த அநியாயம் என்று நினைக்க வேண்டாம். நம் கிராமங்களிலேயே வெள்ளைக்காரன் பதித்த பலகைக் கற்கள் இருக்கின்றன. இந்தக் கிராமத்திலிருந்து 1914-19 மகாயுத்தத்துக்குப் போனவர்கள் இத்தனை பேர், உயிரிழந்தவர்கள் இத்தனை பேர் என்று அவை சொல்லும். தாய்க்குத் தன் மகன் எத்தனையாவது எண் என்று தெரியுமா? எந்த எண்ணுக்கு அவள் பூ வைப்பாள்?

நூறு ஆண்டு கழித்து உண்மை வெளியே வந்தது. யுத்தக் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் கமிஷன் 2021-ல் தன் அறிக்கையிலேயே ஒப்புக்கொண்டது. முதல் யுத்தத்தில் இறந்த ஆசியர், ஆப்பிரிக்கர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள். இன்னும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரில்லாமலே விடப்பட்டார்கள். கமிஷன் மன்னிப்புக் கேட்டது. கேட்கட்டும். பெயர்களைத் தேடி எழுதுவதே உண்மையான பரிகாரம்.

ஆள்வோர் கைவிட்ட இடத்தில் உழைக்கும் ஜனங்கள் கைவிட்டதில்லை. அமெரிக்க உள்நாட்டு யுத்தம் முடிந்த 1865-ல் சார்ல்ஸ்டன் நகரில் நடந்ததைப் பாருங்கள். அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்ட கறுப்பர்கள், சிறை முகாமில் மாண்டு ஒரே குழியில் கொட்டப்பட்டிருந்த 257 வடக்குப் படைச் சிப்பாய்களைத் தோண்டியெடுத்துத் தனித்தனியாக அடக்கம் செய்தார்கள். சுற்றிலும் வேலி கட்டினார்கள். மே மாதம் 1-ஆம் தேதி சுமார் 10,000 பேர் ஊர்வலமாக வந்து, அந்தக் குழிமேடுகள் கண்ணுக்குத் தெரியாதபடி பூவால் மூடினார்கள். அமெரிக்கா இன்று கொண்டாடும் நினைவு நாளின் மிகப் பழைய நிகழ்ச்சிகளில் இதுவும் ஒன்று. நேற்றுவரை அடிமையாயிருந்தவர்கள் செய்த காரியம் இது!

நம்மவர்களும் செய்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானிய ராணுவம் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டது. அதில் மாண்ட வெள்ளைக்கார யுத்தக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. சுமார் 7,000 கல்லறைகள், பூச்செடிகளோடு. அதே பாதையில் மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளிகள் ஆயிரமாயிரமாய்ச் செத்தார்கள். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, பெயரும் இல்லை. எண்பது ஆண்டு கழித்து, 2023 மே மாதத்தில், தாய்லாந்துத் தமிழர்கள் அங்கே அவர்களுக்கு ஒரு கல் நட்டார்கள். அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் நடுகல். தொல்காப்பியம் சொன்ன வழக்கம் கடல் தாண்டியும் உயிரோடிருக்கிறது.

நாட்டின் இன்றைய நிலை என்ன? 2019 பிப்ரவரி 25-ல் டில்லியில் தேசிய யுத்த நினைவுச் சின்னம் திறக்கப்பட்டபோது, 1947-க்குப் பின் மாண்ட 25,942 பேரின் பெயர் கருங்கல்லில் பொறிக்கப்பட்டிருந்தது. வரவேற்க வேண்டிய காரியம். 2020 ஜூனில் கல்வானில் உயிர் நீத்த ஹவில்தார் பழனி, ராமநாதபுரம் மாவட்டம் கடுக்களூரில் தன் சொந்த மண்ணிலேயே சேர்க்கப்பட்டார். அந்த ஊராருக்குப் பூ வைக்க ஓர் இடம் உண்டு. ஆனால் 1962-லும் 65-லும் 71-லும் விழுந்தவர்கள் பலருடைய உடல் வீடு வந்து சேரவில்லை. காட்டு வேலைக்குப் போகும் கிழவி டில்லிக்கு ரயிலேறிப் போய் மகன் பெயரைத் தடவிப் பார்க்க முடியுமா? பெயர் அவள் ஊரில் இருக்க வேண்டும்.

யுத்தத்துக்குக் கொடி பிடிக்க நாம் சொல்லவில்லை. யுத்தத்தை மூட்டியவன் வேறு, அதில் செத்தவன் வேறு. மூட்டியவனுக்குச் சிலையும் செத்தவனுக்கு மறதியும் என்றால், அடுத்த யுத்தத்துக்கு ஆள் பிடிப்பது சுலபமாகிவிடும். ஒவ்வொரு பெயரையும் ஊர் நடுவே எழுதி வைத்தால், யுத்தத்தின் விலை என்னவென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆகவே நாம் கோருவது இவை:

ஒவ்வொரு பஞ்சாயத்திலும், இரு உலக யுத்தங்களிலும் அதன் பிறகும் உயிர் நீத்த அந்த ஊர்ச் சிப்பாய்களின் பெயர்ப் பட்டியலைக் கிராம சபையில் வாசித்து, கல்லில் பொறித்து, பள்ளிக்கூடத்திலோ சாவடியிலோ வைக்க வேண்டும். எண்ணிக்கை மட்டும் வெட்டிய பழைய கற்களுக்குப் பக்கத்தில் பெயர்க் கல் வைக்க வேண்டும்.

வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் கிடக்கும் நடுகற்களைத் தொல்லியல் துறை ஊர்வாரியாகக் கணக்கெடுக்க வேண்டும். ரோடு அகலப்படுத்தும்போது கல்லோடு கல்லாக உடைபட விடக்கூடாது. தர்மபுரி, திருவண்ணாமலை பக்கத்தில் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். அப்படிக் குடும்பங்கள் கும்பிடும் கல்லை அங்கேயே வைத்துக் காக்க வேண்டும்; எண்ணெய்க் காப்பும் மாலையும் போடும் அவர்கள் உரிமையில் கை வைக்கக்கூடாது.

மூன்றாவது கோரிக்கை உங்களிடம். ஆலைத் தோழர்களே, விவசாயத் தொழிலாளித் தோழர்களே! உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் பாட்டன் மெடல் கிடக்கலாம். பழைய கடுதாசி இருக்கலாம். பெரியவர்கள் இருக்கும்போதே பெயரையும் ஊரையும் கேட்டு எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் வீட்டுக்குத் தெரிந்தவர் போய் எழுதிக் கொடுங்கள். அடுத்த கிராம சபைக்கு அந்தக் காகிதத்தோடு போங்கள். தலைவர் வாசிக்காவிட்டால் நீங்களே எழுந்து வாசியுங்கள்.

ஓரிக்கு மாலை விழட்டும். அவனோடு விழுந்தவர்களின் வாரிசுகளுக்கும் ஒரு முழம் பூ வைக்க ஒரு கல் இருக்கட்டும்.