குவாரிப் பள்ளம் பூங்கா ஆகுமா?

கேள்வி: "எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் புஞ்சை. அதை ஒட்டியே சிமென்ட்டுக்குச் சுண்ணாம்புக்கல் எடுத்துவிட்டு அப்படியே போட்டுவிட்ட பெரிய பள்ளம். பத்து வருஷமாக வேலை நடக்கவில்லை. மழைத் தண்ணீர் நின்று ஏரி மாதிரி இருக்கிறது. போன கோடையில் தண்ணீர் குடிக்கப் போன எங்கள் ஆடுகளில் இரண்டு உள்ளே விழுந்து செத்தன. இப்போது அங்கே படகுத்துறையும் பூங்காவும் வரப்போகிறது என்று பேசிக்கொள்கிறார்கள். புரோக்கர் ஒருவர், 'இப்பவே கொடுத்துடுங்க, அப்புறம் சும்மாவே எடுத்துக்குவாங்க' என்று நெருக்குகிறார். பழைய சுரங்கத்தைப் பூங்காவாக மாற்றுவது நடக்கிற காரியமா? நிலத்தை விற்றுவிடலாமா?"

- அரியலூர் மாவட்ட வாசகி ஒருவர்

பதில்: நடக்கிற காரியம்தான், அம்மா. ஆனால் அதற்குப் பல வருஷம் பிடிக்கும். படகும் பூங்காவும் கடைசியில்தான் வரும். அதனால் பேச்சை மட்டும் நம்பி நிலத்தை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். 'சும்மாவே எடுத்துக்குவாங்க' என்பதும் தவறு. அரசு பட்டா நிலத்தை எடுப்பதென்றால் அறிவிப்பு தர வேண்டும், ஆட்சேபம் கேட்க வேண்டும், இழப்பீடு கொடுக்க வேண்டும்.

உங்கள் ஊரைப் போலவே சுண்ணாம்புக்கல் வெட்டிய ஓர் இடம் எப்படிக் காடானது என்று சொல்கிறேன். கென்யா நாட்டில் மொம்பாசா நகரத்துக்குப் பக்கத்தில் பம்புரி என்று ஓர் ஊர். அங்கே 1954 முதல் ஒரு சிமென்ட் ஆலை ஓடுகிறது. கடற்கரை ஓரத்துப் பவளப் பாறையை வெட்டி எடுத்ததில், நிலத்தடித் தண்ணீர் எட்டிப் பார்க்கும் ஆழம் வரை பள்ளமாகிவிட்டது. அந்தத் தண்ணீரும் உப்பு. மண் என்று ஒரு பிடி கிடையாது. வெயிலில் பாறை கொதிக்கும்.

ரெனே ஹாலர் என்ற வேளாண் வல்லுநர் 1970-களின் தொடக்கத்தில் அங்கே மரம் வளர்க்க இறங்கினார். இருபதுக்கும் மேற்பட்ட மர வகைகளை நட்டுப் பார்த்தார். தாக்குப்பிடித்தவை மூன்றே மூன்று. அதில் ஒன்று தென்னை, இன்னொன்று நம் சவுக்கு. வேகமாக வளர்ந்த சவுக்கையே முதல் மரமாக எடுத்துக்கொண்டார். சவுக்கு வேர் முடிச்சில் இருக்கும் பிராங்கியா என்ற நுண்ணுயிர் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும். அதனால் சத்தில்லாத இடத்திலும் சவுக்கு தலையெடுக்கும்.

மரம் வளர்ந்தது, ஆனால் மண் உண்டாகவில்லை. கீழே விழுந்த சவுக்கு இலை மக்காமல் பாய் விரித்த மாதிரி அப்படியே கிடந்தது. சவுக்குத் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். அப்போது கைகொடுத்தது மரவட்டை. ஆப்பிரிக்காவில் காணப்படும் சிவப்புக் கால் மரவட்டை அந்தக் காய்ந்த இலையைத் தின்பதைக் கண்டு, ஏராளமாகப் பிடித்துவந்து விட்டார்கள். அது தின்று போட்ட எச்சம் மக்காகி, பாறைமேல் மெல்ல மெல்ல மேல்மண் படிந்தது. அதன் பிறகே மற்ற மரங்களை நட்டார்கள், குளம் வெட்டி மீன் வளர்த்தார்கள், மான், ஒட்டகச்சிவிங்கி எல்லாம் வந்தன. பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டது 1984-ல். அதாவது முதல் நாற்று நட்டுப் பத்து வருஷத்துக்கும் மேலே ஆன பிறகு. இன்றைக்கு அதன் பெயர் ஹாலர் பூங்கா.

2004 டிசம்பர் 26 அன்று நம் கடற்கரையை அடித்த அதே சுனாமி கென்யா வரை போனது. அப்போது தாயைப் பிரிந்து கடலோரத்தில் தவித்த ஒரு நீர்யானைக் குட்டியை மீட்டு விட்டதும் இந்தப் பூங்காவில்தான். அது அங்கிருந்த கிழட்டு ஆமை ஒன்றோடு ஒட்டிக்கொண்டு திரிந்ததை உலகமே பார்த்தது. ஒரு காலத்தில் புல் முளைக்காத குழி அது.

நம் நாட்டிலும் உதாரணம் இருக்கிறது. சத்தீஸ்கரில் சூரஜ்பூர் மாவட்டத்துக் கெனாபாராவில், நிலக்கரி எடுத்து முடித்த பள்ளத்தில் தேங்கிய தண்ணீரில் படகு விடுகிறார்கள்; மீனும் வளர்க்கிறார்கள். உள்ளூர் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கும் அதில் வேலை இருக்கிறது. உங்கள் ஊரில் பூங்கா வந்தாலும் நீங்கள் கேட்க வேண்டியது இதைத்தான்: படகு, கடை, மீன், வண்டி நிறுத்தம் இவையெல்லாம் ஊர்க் குழுவுக்கா, வெளியூர்க் குத்தகைதாரருக்கா?

இனி நீங்கள் செய்ய வேண்டியவை:

1. பள்ளம் யார் பெயரில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். குத்தகை முடிந்துவிட்டதா, நடப்பில் இருக்கிறதா என்று மாவட்டக் கனிமவளத் துறையில் எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள்.

2. சுண்ணாம்புக்கல் பெருங்கனிமம். அதை எடுத்தவர், சுரங்கத்தை மூடும் திட்டம் ஒன்றை இந்தியச் சுரங்கப் பணியகத்திடம் ஒப்புதல் பெற்று நிறைவேற்ற வேண்டும் என்று 2017-ம் வருஷத்து விதிகள் சொல்கின்றன. வேலி, சரிவு, மரம் எல்லாம் அதில் அடங்கும். அந்தத் திட்டத்தின் நகலைக் கேளுங்கள். சுரங்க வேலை முடிந்த நிலத்தில் மறுபடியும் புல் வளர்த்து, தீவனத்துக்கும் மற்ற உயிர்களுக்கும் ஏற்றபடி ஆக்கித்தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. ஆடு வளர்க்கிற உங்களுக்கு இது முக்கியம்.

3. முதல் கோரிக்கை வேலியாக இருக்கட்டும். குவாரிச் சுவர் செங்குத்து. கால் ஊன்ற இடமிருக்காது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே ஏற முடியாமல் மூழ்கிப்போகிறார்கள். இன்று ஆடு போன இடம், நாளைக்குப் பிள்ளை போகிற இடம். பூங்கா வரும்வரை காத்திருக்க வேண்டாம். கிராம சபையில் தீர்மானம் போட்டு ஆட்சியரிடம் கொடுங்கள். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கென்றே மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி இருக்கிறது.

4. கரையில் மண் இருக்கும் இடத்தில் வேம்பு, புங்கன், இலந்தை, கொடுக்காப்புளி நடலாம். விளிம்பைச் சுற்றிப் பனை விதை போடலாம். சரிவில் வெட்டிவேரும் கொழுக்கட்டைப் புல்லும் மண்ணைப் பிடிக்கும். சீமைக்கருவேலம் தானாக வந்து இடத்தைப் பிடிப்பதற்குள் இதைச் செய்யுங்கள்.

5. உங்கள் வட்டாரம் ஒரு காலத்தில் கடலாக இருந்த பூமி. நத்தை வடிவக் கற்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமே இருக்கிறது. படகைவிட இதற்காகப் பள்ளிப் பிள்ளைகள் வரக்கூடும். அந்தக் கற்களைப் பொறுக்கி விற்காமல், இருக்கிற இடத்திலேயே காப்பாற்றச் சொல்லுங்கள்.

நிலத்தைப் பொறுத்தவரை, பூங்காவுக்கு அரசாணை என்று எழுத்தில் ஏதாவது வரும்வரை பொறுத்திருங்கள். உண்மையிலேயே பூங்கா வந்தால் உங்கள் ஒன்றரை ஏக்கருக்கு மதிப்புக் கூடத்தான் செய்யும். வராவிட்டாலும் புஞ்சை உங்களிடம் இருக்கும்.

கேள்வி: "எங்கள் ஊர் ஜல்லி குவாரியில் வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கிறது. அதைப் பாசனத்துக்கு எடுக்கலாமா? மீன் விடலாமா?"

- பெரம்பலூர் மாவட்ட வாசகர் ஒருவர்

பதில்: முதலில் தண்ணீரைப் பரிசோதியுங்கள். ஒரு லிட்டர் சுத்தமான பாட்டிலில் எடுத்து, வேளாண்மைத் துறையின் மண், நீர் ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால் உப்பின் அளவும் கார அமில நிலையும் சொல்லிவிடுவார்கள். குவாரித் தண்ணீர் எல்லாமே கெட்டது என்பதில்லை. 2017 வறட்சியில் சென்னைக்கே சிக்கராயபுரம் குவாரிகளில் நின்ற தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் கொடுத்தார்கள். சுண்ணாம்பு மிகுந்த தண்ணீர் என்றால் சொட்டுநீர்க் குழாயை அடைத்துக்கொள்ளும், கவனம்.

மீன் விடலாம்; ஆனால் ஆழத்திலும் பாறை இடுக்கிலும் வலை இழுக்க முடியாது. கூண்டு அமைத்து வளர்ப்பதுதான் தோது. மீன்வளத் துறையிடம் யோசனை கேளுங்கள். குவாரி புறம்போக்கில் இருந்தால், அனுமதி இல்லாமல் மோட்டாரும் வைக்காதீர்கள், குஞ்சும் விடாதீர்கள். தனியாகக் கேட்பதைவிட, பத்துப் பேர் குழுவாகச் சேர்ந்து மனுக் கொடுத்தால் காது கொடுத்துக் கேட்பார்கள்.